இருட்டுக்கும் வரிசை உண்டு: கஜா புயலும் சேரிக்குக் கடைசியாக வந்த வெளிச்சமும்

2018 நவம்பர் 16 அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. விடிவதற்குள் நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டுவிட்டு மேற்கே போனது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. வேதாரண்யம் உப்பளங்களில் கடல் சேறு வந்து படிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன.

புயலின் காற்று வேகம், இறந்தவர் எண்ணிக்கை, கேட்ட நிதி, கிடைத்த நிதி எல்லாம் பதிவாகியிருக்கின்றன. அதற்குப் பிறகு வந்த இருட்டைப் பற்றி யாரும் வரலாறு எழுதவில்லை. நகரங்களில் சில நாட்களில் மின்சாரம் திரும்பியது. உட்கிராமங்களில் அந்த இருட்டு வாரக்கணக்கில் நீடித்தது. சில இடங்களில் ஒரு மாதம் கடந்தும் நீடித்தது. அந்த நாட்களை யார் எப்படிக் கழித்தார்கள், யாருக்கு முதலில் வெளிச்சம் வந்தது, யாருக்குக் கடைசியில் வந்தது என்பது நம் தலைமுறையின் சாதி வரலாற்றில் ஒரு பக்கம். அதை நாம்தான் எழுத வேண்டும்.

நிவாரணப் பொருட்களோடு வேதாரண்யம் பக்கம் போன குழுக்களில் எங்களுடையதும் ஒன்று. அரிசி, போர்வை, தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு போனோம். ஒரு கிராமத்துக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்திருந்தது. கடைத்தெருவில் விளக்கு எரிந்தது, டீக்கடையில் பாட்டு ஓடியது. கரண்டு வந்துவிட்டதே, மெழுகுவத்தியை அடுத்த ஊருக்குக் கொடுத்துவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். வண்டி காலனிப் பக்கம் திரும்பியது. வாய்க்கால் பாலத்தோடு வெளிச்சம் நின்றுபோனது. அதற்கு அப்பால் வண்டியின் முகப்பு விளக்கைத் தவிர எதுவும் இல்லை. தார்ப்பாயின் கீழே உட்கார்ந்திருந்த ஒரு ஆயா எங்களிடம் சொன்னார்: "ஊருக்குத்தான் கரண்டு வந்துருக்கு தம்பி. நமக்கு எங்க வந்துச்சு?"

அந்த ஆயாவின் பேச்சில் 'ஊர்' என்ற சொல்லுக்குள் அவர் இல்லை. அரசின் பட்டியலில் அந்தக் கிராமம் அன்றைக்கே 'மின் இணைப்பு சீரமைக்கப்பட்ட கிராமம்' ஆகியிருக்கும். அந்தப் பட்டியலில் 'கிராமம்' என்ற சொல்லுக்குள் அவர் இருக்கிறார். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கம்பி போகும் வழி

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். கஜாவுக்குப் பிறகு உழைத்த மின் ஊழியர்கள் மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்தார்கள். வண்டி போக முடியாத வயல்களில், இடுப்பளவுத் தண்ணீரில், கம்பத்தைத் தோளில் சுமந்து நடந்தார்கள். மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் படுத்து எழுந்தார்கள். அந்த வேலையில் உயிரை விட்டவர்களும் உண்டு. அவர்களில் பெரும் பகுதியினர் நிரந்தர வேலை இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்கள். யார் வீட்டுப் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

நம் கேள்வி கம்பி போகும் வழியைப் பற்றியது. துணை மின்நிலையத்திலிருந்து 11 கிலோவோல்ட் பீடர் கிளம்புகிறது. அது டிரான்ஸ்பார்மருக்கு வருகிறது. அங்கிருந்து தாழ்வழுத்தக் கம்பிகள் தெருத்தெருவாகப் பிரிந்து வீட்டுக்குப் போகின்றன. புயலுக்குப் பின் சீரமைப்பும் இதே வரிசையில்தான் நடக்கும். மேலே சரிசெய்யாமல் கீழே சரிசெய்ய முடியாது. ஆகவே கம்பியின் நுனியில் இருப்பவருக்குக் கடைசியில்தான் மின்சாரம் வரும். இதில் பொறியியல் தவறு எதுவும் கிடையாது.

ஆனால் நுனியில் யார் இருக்கிறார்கள்? ஏன் இருக்கிறார்கள்? சேரியை ஊருக்கு வெளியே, தாழ்ந்த நிலத்தில், வாய்க்காலுக்கும் சுடுகாட்டுக்கும் பக்கத்தில் வைத்தது எந்தப் பொறியாளரும் அல்ல. மின்கம்பி டெல்டாவுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த வரைபடம் போடப்பட்டுவிட்டது. கம்பி அந்த வரைபடத்தின் மேல் நடந்து வந்தது. புயல் அடித்தால் கம்பி அறுந்துவிடும், வரைபடம் மட்டும் அப்படியே இருக்கும். திரும்பக் கட்டும்போதும் அதே வரிசைதான்.

வெளிச்சம் வந்த வரலாறு

இந்தக் கரைக்குப் புயல் புதிதல்ல. 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினம் பகுதியை ஒரு கடும் புயல் தாக்கியது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த ஆண்டு அது. அந்தப் புயல் பண்ணையாளின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. விளக்கைப் பிடுங்க முடியவில்லை, ஏனென்றால் அவன் குடிசையில் மின்விளக்கே இல்லை. புயலுக்கு முதல் நாளும் சிம்னி விளக்கு, மறுநாளும் சிம்னி விளக்கு.

1937இல் மேட்டூரில் நீர்மின் உற்பத்தி தொடங்கிவிட்டது. காவிரித் தண்ணீரில் பிறந்த மின்சாரம் அது. அதே காவிரித் தண்ணீர் கடைசியில் பாய்கிற வயல்களில் நாற்று நட்டவர்களின் குடிசைக்கு அந்த வெளிச்சம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அரவை மில்லுக்கு வந்தது. பண்ணை வீட்டுக்கு வந்தது. கோவிலுக்கு வந்தது. பம்புசெட்டுக்கு வந்தது. நிலம் இருந்தவருக்குப் பம்புசெட் இருந்தது, பின்னாளில் அந்தப் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரமும் கிடைத்தது. நிலமே இல்லாத கூலிக்கு அதில் என்ன பங்கு?

இங்கே நம் மாணவத் தோழர்கள் அதிகம் அறியாத ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரக் கொள்கையும் பாபாசாகேப் அம்பேத்கரின் பொறுப்பில்தான் இருந்தது. போருக்குப் பிந்தைய இந்தியாவில் மின் வளர்ச்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் 1944இல் அவர் காலத்தில்தான் அமைந்தது. மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் ஏழ்மையிலிருந்து மீட்சி இல்லை என்பது அவர் வாதம். கிராமத்தின் நிலத்தில் பங்கு இல்லாத மக்களுக்கு, கிராமத்துக்கு வெளியே ஒரு வாழ்வைத் திறக்கும் சாவியாக அவர் மின்சாரத்தைப் பார்த்தார். பின்னர் 1948இல் மின்சார வழங்கல் சட்டம் வந்தது. அதன்படி மாநிலங்களில் மின்வாரியங்கள் அமைந்தன. சென்னை மாநில மின்வாரியம் 1957இல் தொடங்கியது.

வாரியம் கிராமங்களை வேகமாக இணைத்தது. கிராம மின்மயத்தில் தமிழ்நாடு முன்னோடி என்று பெயரும் வாங்கியது. ஆனால் 'மின்மயமான கிராமம்' என்றால் என்ன? 1997 வரை நாடு முழுவதும் இருந்த வரையறை இது: கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தத் தேவைக்காகவாவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அந்தக் கிராமம் மின்மயமானது. வயலில் ஒரே ஒரு பம்புசெட் ஓடினாலும் கணக்கு முடிந்தது. 1997இல் குடியிருப்புப் பகுதியில் மின்சாரம் இருக்க வேண்டும் என்று திருத்தினார்கள். 2004இல்தான் தலித் குடியிருப்பு இருக்கும் கிராமத்தில் அங்கும் மின் கட்டமைப்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. அதிலும் மொத்த வீடுகளில் 10 விழுக்காடு இணைப்புப் பெற்றிருந்தால் போதும்.

சுதந்திரம் வந்து 57 ஆண்டுகள் கழித்துத்தான் 'கிராமம்' என்ற அரசுச் சொல்லுக்குள் சேரி எழுத்தில் வந்தது. அதுவரை நாம் இருட்டில் இருக்கும்போதே நம் கிராமத்துக்கு வெளிச்சம் வந்துவிட்டதாகக் கணக்கு எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் இந்தப் பற்றாக்குறையை ஓரளவு ஈடுகட்டியது குடிசை மின் இணைப்பு, மக்கள் மொழியில் 'ஒத்த பல்பு'. ஒரு குடிசைக்கு ஒரு விளக்கு, கட்டணம் இல்லை. அந்த ஒரு பல்பின் கீழ் படித்து மேலே வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தத் திட்டத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. பக்கத்துத் தெருவில் பம்புசெட்டே இலவசமாக ஓடியபோது நமக்கு அளந்து கொடுக்கப்பட்டது ஒரு பல்பு என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

சமாளித்தல் என்றால் என்ன?

1952இல் மின்சாரம் இல்லாததால் குடிதண்ணீர் நிற்கவில்லை. குளம் இருந்தது, கேணி இருந்தது. அந்தக் கேணியிலும் நமக்கு இடமில்லை என்பது வேறு கதை. 2018இல் தண்ணீரே மின்சாரம்தான். போர்வெல் மோட்டார் ஓடினால்தான் மேல்நிலைத் தொட்டி நிரம்பும். பல இடங்களில் அடிபம்பு துருப்பிடித்துக் கிடந்தது. கைபேசிக்கு மின்சாரம் வேண்டும். டவருக்கு மின்சாரம் வேண்டும். ரேஷன் கடைக் கருவிக்கு வேண்டும். நிவாரணப் பணம் வந்ததா என்று பார்க்க ஏடிஎம்முக்கும் வேண்டும். மின்சாரம் வாழ்க்கைக்குள் வர வர, அது இல்லாத ஒவ்வொரு நாளின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. அதிக நாள் இருட்டில் இருப்பவர் அதிக விலை கொடுக்கிறார்.

நாங்கள் பார்த்ததைச் சொல்கிறோம். காலனி இளைஞர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்து, மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பினார்கள். டீசலுக்குக் காசு இல்லாத நாளில் தொட்டியும் காலி. அன்றைக்குப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடந்தார்கள். கைபேசிக்கு சார்ஜ் ஏற்ற கடைத்தெருவில் காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு தெருவுக்கு ஒரு போனை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு, வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அதிலிருந்தே எல்லாரும் பேசினார்கள். விழுந்த தென்னை மட்டைகளை எரித்துப் பொதுவில் சமைத்தார்கள். சமையலும் சாப்பாடும் பொழுது சாய்வதற்கு முன்பே முடிந்துவிடும். பிறகு பெண்கள் எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்துதான் போவார்கள். பாம்பு பயம், அறுந்து கிடக்கும் கம்பி பயம், இருட்டில் வரும் மனிதர்கள் மேல் பயம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பகலில் கூரை சரிசெய்யக் கூட நின்றார்கள், இரவில் படிக்க வெளிச்சம் இல்லை.

இதைத்தான் பத்திரிகைகள் 'மக்கள் சமாளித்துக்கொண்டார்கள்' என்று எழுதின. சமாளிக்கத் தெரிந்த மக்கள் என்ற பாராட்டை நாம் எச்சரிக்கையோடுதான் வாங்க வேண்டும். ஜெனரேட்டருக்குக் கொடுத்த பணம், சார்ஜுக்குக் கொடுத்த பணம், தண்ணீருக்கு நடந்த நேரம், அதனால் இழந்த கூலி, பிள்ளைகள் இழந்த படிப்பு எல்லாம் ஏழைகள் தங்கள் கையிலிருந்து கட்டிய மின்கட்டணம். மீட்டரில் ஓடாத கட்டணம். எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இது இல்லை. விழுந்த தென்னைக்குக் கணக்கு உண்டு. தென்னை சொந்தமில்லாமல் அதில் கூலிக்கு ஏறியவருக்குக் கணக்கு இல்லை. இடிந்த வீட்டுக்கு விண்ணப்பம் உண்டு. இருட்டில் கழிந்த நாளுக்கு விண்ணப்பமே கிடையாது.

சட்டத்தில் ஒரு பிரிவு, நடுவில் ஒரு இடைவெளி

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இதே நாகை மாவட்டத்தில் தலித்துகள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. முகாமில் சேர்ந்து தங்க மறுப்பு, தண்ணீர் எடுக்கத் தடை, பட்டியலில் பெயர் விடுபடல் எல்லாம் பதிவாயின. மறு ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 வந்தது. அதன் 61ஆம் பிரிவைத் தோழர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்று அது சொல்கிறது.

கஜாவிலும் நிவாரண வண்டிகள் பிரதான சாலையோடு நின்றுவிடுகின்றன, உள்ளே காலனிக்கு வருவதில்லை என்ற புகார்கள் எழுந்தன. அரிசி மூட்டையில் பாகுபாடு நடந்தால் நாம் அதைக் கண்ணால் பார்க்கலாம், படம் எடுக்கலாம், 61ஆம் பிரிவைக் காட்டிக் கேட்கலாம். வெளிச்சத்தில் நடக்கும் பாகுபாட்டை எப்படிக் காட்டுவது? மின்சாரத்தைத் திருப்பிக் கொடுப்பது 'சீரமைப்புப் பணி'. அதை யாரும் நிவாரணம் என்று அழைப்பதில்லை. அதற்கான கணக்கு கம்பங்களில் வருகிறது, டிரான்ஸ்பார்மர்களில் வருகிறது, கிராமங்களில் வருகிறது. எந்தத் தெருவுக்கு எந்தத் தேதியில் மின்சாரம் வந்தது என்ற கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. தேதி இல்லாத இடத்தில் தாமதத்தை நிரூபிக்க முடியாது. தாமதத்தை நிரூபிக்க முடியாத இடத்தில் பாகுபாடு என்ற சொல்லே எழாது.

ஆயா சொன்ன 'ஊரு'க்கும் அரசு சொன்ன 'கிராம'த்துக்கும் நடுவில் இருந்தது இந்த இடைவெளிதான். 2004 வரையறை சேரியைக் கிராமத்துக்குள் கொண்டுவந்தது, இணைப்புக் கொடுக்கும்போது மட்டும். அறுந்த இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்போது அந்த வரையறை யார் நினைவிலும் இல்லை.

ஐம்பதாம் ஆண்டு

புயல் கடந்து 39ஆம் நாள் 2018 டிசம்பர் 25. கீழவெண்மணியின் ஐம்பதாம் ஆண்டு. 1968இல் அதே நாகை மண்ணில், கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். ஐம்பதாம் ஆண்டு அஞ்சலிக்குப் போகும் வழியெங்கும் கூரை இழந்த வீடுகளையும் சாய்ந்த மரங்களையும் கடந்துதான் போனோம். வெண்மணித் தியாகிகள் கேட்டது அரைப்படி நெல். அந்த அரைப்படிக்குப் பின்னால் இருந்தது ஒரு கணக்குக் கேள்வி: எங்கள் உழைப்புக்கு எவ்வளவு, அதை அளப்பது யார்? அளவு மரக்கால் பண்ணையார் கையில் இருந்தவரை கூலி ஏறவில்லை. அளவையை நம் கையில் எடுத்த பிறகுதான் ஏறியது.

இருட்டையும் நாம் அளக்க வேண்டும்.

புயல்கள் இனியும் வரும். வங்கக் கடல் சூடாகிக்கொண்டே இருக்கிறது. அடுத்த புயலுக்கு முன்பு மாணவர்களும் இளம் செயல்பாட்டாளர்களும் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. ஒவ்வொரு சேரிக்கும் எந்தத் துணை மின்நிலையம், எந்தப் பீடர், எந்த டிரான்ஸ்பார்மர் என்று இப்போதே எழுதி வையுங்கள். தெரு எண்ணையும் கம்ப எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், கம்பத்திலேயே எண் இருக்கும். புயல் அடித்த நாள் முதல் ஒரு நாற்பது பக்க நோட்டில், மின்சாரம் எந்தத் தெருவுக்கு என்று வந்தது, குடிதண்ணீர் என்று வந்தது, ஜெனரேட்டருக்கு எவ்வளவு செலவானது என்று தேதி போட்டுப் பதியுங்கள். ஊர்த்தெருவுக்கும் சேர்த்துப் பதியுங்கள், ஒப்பிட்டால்தான் அது ஆதாரம். கிராமசபையில் அதை வாசித்துத் தீர்மானமாக்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தெருவாரியாக மின்சாரம் திரும்பிய தேதியைக் கேளுங்கள். தகவல் இல்லை என்று பதில் வந்தால் அதுவும் ஒரு ஆவணம்தான்.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. பேரிடருக்குப் பின் மின்சீரமைப்புக் கணக்கைக் கிராமவாரியாக அல்லாமல் குடியிருப்புவாரியாக வெளியிட வேண்டும். சேரிக்கு மின்சாரம் வரும்வரை அந்தக் கிராமத்தை 'சீரமைக்கப்பட்டது' என்று எழுதக் கூடாது. கம்பி போய்ச் சேரும்வரை காலனியின் குடிநீர் மோட்டாருக்கு அரசு செலவில் ஜெனரேட்டர் வைக்க வேண்டும். இந்த மூன்றும் நிவாரணத்தின் பகுதி என்று அறிவித்தால் 61ஆம் பிரிவு தானாக உள்ளே வந்துவிடும்.

நாங்கள் போன அந்தக் காலனிக்கு வெளிச்சம் எப்போது வந்தது என்று பிறகு விசாரித்தோம். ஆளுக்கு ஒரு நாள் சொன்னார்கள். கார்த்திகை கடைசி என்றார் ஒருவர், மார்கழி பிறந்த பிறகு என்றார் மற்றொருவர். யாரும் எழுதி வைக்கவில்லை. மெழுகுவத்தியோடு போன நாங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோகவில்லை. அது எங்கள் தவறு. அடுத்த முறை நீங்கள் போகும்போது இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஜெய் பீம்!